திருகோணமலை மணலில் கரட்: முதல் 25 நாள் கணக்கு

கரட் கிழங்கின் நீளம் முளைத்து மூன்றரைக் கிழமைக்குள் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் மேலே பார்த்தால் இரண்டு மூன்று இலைதான் இருக்கும். கீழே ஆணிவேர் தன் முழு ஆழத்துக்கும் இறங்கி முடித்திருக்கும். அதன் பிறகு நடப்பதெல்லாம் பருமனாவது மட்டுமே. கல், கட்டி மண், காயாத சாணி, தேங்கிய தண்ணீர் என்று எதில் முட்டியாவது அந்த நுனி செத்துப்போனால் பக்கவேர்கள் பருத்துக் கிழங்கு இரண்டு மூன்று காலாகப் பிரியும். இரண்டாம் மாதத்தில் எவ்வளவு பசளை போட்டாலும் அது திரும்பி நேராகாது. அதனால் உழைப்பில் முக்கால்வாசியை விதைப்பதற்கு முந்திய கிழமைகளிலும் விதைத்த முதல் 25 நாளிலும் செலவழிக்க வேண்டும். மீதி இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றுவதும் மண் அணைப்பதும்தான்.

இதே காரணத்தால் கரட்டை நாற்று மேடையில் போட்டுப் பிடுங்கி நடக்கூடாது. கத்தரி, மிளகாய் பழக்கத்தில் அப்படிச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிடுங்கும்போதே நுனிவேர் அறுந்துவிடும். நட்டால் செடி பிழைக்கும், இலையும் நன்றாக வரும், கிழங்கு மட்டும் முறுகிப்போயிருக்கும்.

எதை எதிர்பார்க்கலாம்

கரட்டுக்குப் பிடித்த வெப்பநிலை 16 முதல் 21 பாகை செல்சியஸ். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில் இருக்கிறது, அங்கே அது தானாக விளைகிறது. திருகோணமலையில் ஆண்டிலேயே குளிரான தை மாதத்தில்கூடப் பகல் 28 பாகையை ஒட்டியும் இரவு 24 அளவிலும் இருக்கும். ஆகவே சந்தையில் அடுக்கியிருக்கும் மலைநாட்டுக் கரட்டின் நீளமும் கடும் செம்மஞ்சள் நிறமும் இங்கே வராது. ஐந்து, ஐந்தரை அங்குல நீளம், 60 முதல் 90 கிராம் எடை, சற்று வெளிர் நிறம். இதுதான் நல்ல விளைச்சல். வெப்பம் கூடினால் கிழங்கு குட்டையாகிப் பருக்கும், நிறம் குறையும், வாசனை எண்ணெய்கள் கூடி லேசான கசப்பு வரும். இலையோடு பிடுங்கிய அன்றே சமைக்கும்போது உள்ள ருசி வேறு. அதற்காகத்தான் இந்தப் பாடு.

இனத்தில் பரிசோதனை வேண்டாம். நியூ குரோடா ஒன்றைத்தான் சொல்லலாம். ஜப்பானிய வழி இனம், வெப்பத்தைத் தாங்கும், தோள் அகன்று நுனி மழுங்கிய குட்டைக் கிழங்கு, 90 முதல் 100 நாளில் அறுவடை. நான்ட்ஸ் வகை பெட்டியில் அழகாக இருக்கும். அது குளிர் இடத்துக்கு உரியது. சாடியில் வைப்பவர்கள் உருண்டைக் கரட் விதை கிடைத்தால் போட்டுப் பார்க்கலாம், ஆழம் குறைவாகப் போதும். சொந்தமாக விதை எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்த இனங்கள் பூப்பதற்கு பல கிழமை நீடிக்கும் கடுங்குளிர் வேண்டும், அது இந்தக் கரையில் கிடையாது.

காலம் பிழைத்தால் மற்றது எதுவும் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை மணலையே புரட்டிப் போடும். புயலும் அந்தப் பருவத்திலேயே வரும்: 2000 டிசம்பர் 26 இல் ஒன்று கிழக்குக் கரையைத் தாக்கியது, 2020 டிசம்பர் 2 இல் புரெவி இந்த மாவட்டக் கரையை ஒட்டிக் கரையேறியது. சித்திரை பிறந்தால் வெயில். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மண்ணின் மேற்பரப்பு அரை நாளில் காய்ந்துவிடும். இடையில் கிடைப்பது ஒரு சிறு சாளரம். கார்த்திகைக் கடைசியிலிருந்து மார்கழிக் கடைசி வரை, அதாவது டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி இரண்டாம் கிழமை வரை விதைக்கலாம். கிழங்கு பருக்கும் காலம் தை, மாசிக்குள் விழும். பங்குனி முடிவதற்குள் பாத்தி காலியாகிவிட வேண்டும். ஒரே நாளில் முழுப் பாத்தியையும் விதைக்காமல் பாதியை இன்றும் மீதியை இரண்டு கிழமை கழித்தும் போட்டால், ஒரு பெருமழை முழுவதையும் கொண்டுபோகாது.

முதலில் கிணற்றுத் தண்ணீர்

உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் கரட் சரிவராததற்குப் பலர் மண்ணைக் குறை சொல்வார்கள். பல இடங்களில் குற்றவாளி கிணறு. கரட் உப்பைக் கொஞ்சமும் பொறுக்காத பயிர். மண் கரைசலின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன்சைத் தாண்டியதும் விளைச்சல் விழத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 14 வீதம் குறையும். தக்காளி 2.5 வரை தாங்கும், பீற்றூட் 4 வரை தாங்கும். ஆகவே பக்கத்து வளவில் தக்காளி காய்க்கிறது என்பதை வைத்துக் கரட்டுக்குத் தண்ணீர் சரியென்று முடிவு கட்டமுடியாது.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, பேனா அளவில் வரும் ரீடிஎஸ் மீற்றர் ஒன்று இருந்தால் போதும். 450 பீபீஎம்முக்குக் கீழே என்றால் தாராளமாக ஊற்றலாம். 450 முதல் 700 என்றால் மழைநீரோ குழாய்நீரோ பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தக் கிணற்றை நம்பிக் கரட் விதைக்காமல் பீற்றூட் போடுவதே புத்தி. அளப்பதற்கும் நேரம் உண்டு. ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றியிருக்கும்போது அளந்தால் மிக மோசமான எண் வரும். மாரி மழை இறங்கிய பின் அதே கிணறு நல்ல நீராகிவிடும். கார்த்திகையில் ஒருமுறை, தை முடிவில் ஒருமுறை அளந்து பாருங்கள். தை முடிவில் எண் ஏறத் தொடங்கினால் மாசியில் ஊற்றுவதற்குக் கூரைத் தண்ணீரை இப்போதே பீப்பாயில் பிடித்து வைக்க வேண்டும்.

உப்பு வேறு வழிகளிலும் நுழையும். தும்புத்தூளை வாங்கியபடியே கலக்கக்கூடாது. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது என்றால் உப்பு நிறைய இருக்கும். சாக்கோடு நல்ல தண்ணீரில் மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பாவிக்கலாம். கடற்கரை மணலைக் கழுவிப் பாவிக்கலாம் என்பதும் வேண்டாத வேலை, அதில் சிப்பித் தூளும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கும். கரையிலிருந்து சில நூறு யாருக்குள் வீடு என்றால் வாடைக் காற்று உப்புத் துளியை இலையில் கொண்டுவந்து படியவைக்கும். பாத்தியின் வடகிழக்குப் பக்கம் மூன்றடி உயரத்துக்குக் கிடுகு மறைப்பு கட்டி, காற்றடித்த மறுநாள் காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் நுனி கருகாது.

பாத்தி

16 × 8 × 4 அங்குலச் சீமெந்துக் கல்லைக் குத்தாக, 8 அங்குல உயரம் வரும்படி வைத்து, வெளியளவு 8 அடிக்கு 4 அடி கட்டலாம். நீளப் பக்கத்துக்கு 6 கல் வீதம் 12, குறுக்குப் பக்கத்துக்கு இரண்டரை வீதம் 5, மொத்தம் 17 கல். சாந்து வேண்டாம், மூலையில் ஒரு கம்பி அடித்தால் நிற்கும். உள்ளளவு 88 அங்குலத்துக்கு 40 அங்குலம், ஏறக்குறைய 24 சதுர அடி. கல்லுக்கு உட்புறம் இன்னும் 6 அங்குலம் தோண்டினால் மொத்த ஆழம் 14 அங்குலம். குழியின் அடியை அலவாங்கால் குத்தித் தளர்த்துங்கள். தண்ணீர் தேங்கும் காணியென்றால் தோண்டாமல் இரண்டு வரிசைக் கல் வைத்து மேலே ஏறுவதுதான் சரி.

நிரப்ப 10 லீற்றர் வாளியால் சுமார் 80 வாளி கலவை வேண்டும். மணற்பாங்கான காணியில் குழியிலிருந்தே 35 வாளி மணல் வரும். அதோடு பக்கத்திலிருந்து இன்னும் 5 வாளி, கன்னியாப் பக்கத்துச் செம்மண் 16, நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 16, கரியாக்கிய உமி 8. செம்மண் எதற்கென்றால் வெறும் மணல் ஈரத்தைப் பிடிக்காது. முளைக்கும் விதை கொஞ்ச நேரம் காய்ந்தாலே போய்விடும். பாலையூற்று, கன்னியா மாதிரிக் கிறவல் கலந்த நிலத்தில் கணக்கைத் திருப்ப வேண்டும்: சொந்த மண் 20, ஆற்று மணல் 36, எருவும் உமியும் முன்போலவே. தம்பலகாமத்து வயற்கரை மண் இன்னும் இறுக்கம், அங்கே சொந்த மண்ணை 15 வாளிக்கு மேல் சேர்க்கவேண்டாம்.

எல்லாவற்றையும் கால் அங்குலக் கண் வலையில் அரியுங்கள். இரண்டுக்கு மூன்றடிப் பலகைச் சட்டத்தில் வலையை ஆணியடித்து, சரிவாக நிறுத்தி, மண்வெட்டியால் எறிந்தால் அரை நாள் வேலை. இந்த அரை நாளை மிச்சம் பிடிப்பவர்கள்தான் மூன்று கால் கரட்டைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள்.

எரு எப்படி இருக்க வேண்டும்? கையில் அள்ளினால் சாணி வாடை கூடாது, குவியலுக்குள் கையை விட்டால் சூடு இருக்கக்கூடாது, வைக்கோல் துண்டு உருத்தெரியக்கூடாது. குறைந்தது மூன்று மாதம் மூடிக்கிடந்த எரு. புதுச் சாணியில் உள்ள அமோனியா வேர் நுனியைச் சுடும், வேர் பிளக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆட்டெருவைத் தட்டித் தூளாக்காமல் போட்டால் ஒவ்வொரு உருண்டையும் ஒரு கல்லுக்குச் சமம்.

உமி தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க நெல் ஆலைகளில் கிடைக்கும். பக்கமெல்லாம் துளையிட்ட பெரிய பால்மாத் தகரத்துக்குள் சிரட்டை நெருப்பு மூட்டி, அதன்மேல் ஒரு குழாயை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் குவித்தால் உள்ளிருந்து கறுத்துக்கொண்டு வரும். வெளிப்பக்கம் கறுத்ததும் தண்ணீர் தெளித்து நிறுத்திவிட வேண்டும். வெள்ளைச் சாம்பலாகும் வரை விட்டால் மண்ணைத் தளர்த்தும் குணம் போய்விடும், காரம்தான் மிஞ்சும். கரட்டுக்கு மண்ணின் பீஎச் 6 முதல் 6.8. சிப்பி கலந்த கரையோர மணல் ஏற்கனவே அதற்கு மேல் நிற்கும், அங்கே சுண்ணாம்பு, டொலமைற் எதுவும் சேர்க்கவேண்டாம்.

கலவை போட்டுப் பத்து நாளாவது மழையிலோ ஊற்றிய தண்ணீரிலோ அமர வேண்டும். உடனே விதைத்தால் பிறகு மண் இறங்கி விதை ஆழம் மாறும்.

நிலத்தில் இடமில்லாதவர்களுக்கு 50 கிலோ உரப்பை போதும். ஒட்டியிருக்கும் உரம் போக இரண்டு தரம் கழுவி, அடியிலும் அடியிலிருந்து இரண்டு அங்குலத்திலும் பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, வாயை மடித்து, 15 அங்குல உயரத்துக்கு இதே கலவையை நிரப்பினால் ஒரு பையில் 12 செடி. வெறும் சீமெந்துத் தரையில் வைக்காமல் இரண்டு கல்லின் மேல் வைக்க வேண்டும். சூடும் ஏறாது, நீரும் வடியும்.

விதையும் முதல் பத்து நாளும்

ஒரு கிராமில் 800க்கு மேல் விதை இருக்கும். இந்தப் பாத்திக்கு ஒன்றரைக் கிராம் தாராளம். கடையில் வெயில்படும் இடத்தில் தொங்கிய பைக்கற்றை வாங்காதீர்கள், கரட் விதை வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவாகச் சாகும். வாங்கியதும் 20 விதையை ஈரக் கடதாசியில் வைத்து ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மூடிவிடுங்கள். எட்டு நாளில் 14 முளைத்தால் நல்ல விதை. எட்டுப் பத்துத்தான் என்றால் இரட்டிப்பாகத் தூவலாம். அதற்கும் கீழே என்றால் வேறு பைக்கற்.

விதைக்கும் முதல்நாள் இரவு விதையைத் துணியில் முடிந்து தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, நிழலில் கை ஒட்டாத அளவுக்கு உலர்த்தி, ஒரு சிரட்டை காய்ந்த குறுமணலோடு பிசறிக் கொள்ளுங்கள். மணல் சேர்த்தால் தூவல் சீராக வரும். முளை கட்டி விதைக்கும் யோசனை வேண்டாம், வெளியே வந்த முளை மணல் உரசி ஒடியும்.

வரிசை பாத்தியின் குறுக்கே, 8 அங்குல இடைவெளி. முதல் வரிசை ஓரத்திலிருந்து 4 அங்குலம். மொத்தம் 11 வரிசை. முதலில் பாத்தியை நன்றாக நனைத்துவிட்டு, பெருவிரல் பருமனான தடியை மண்ணில் அழுத்தி அரை அங்குலத்துக்கும் குறைவான சால் போட வேண்டும். ஒரு வரிசைக்கு 100 விதை அளவில் விழுந்தால் சரி. மேலே மண்ணைப் போடாமல் அரித்த கூட்டெருவும் கரி உமியும் சரிபாதி கலந்து மெல்லியதாகத் தூவுங்கள். மழைத்துளி அடித்த மண் காய்ந்து ஓடு கட்டும், கரட் முளைக்கு அதை உடைக்கும் பலம் கிடையாது. உமி ஓடு கட்டாது. கையால் தட்டி அழுத்தி, பூவாளியின் முகத்தை மேல்நோக்கி வைத்துத் தூறலாக நனையுங்கள்.

பிறகு ஈரச் சணல் சாக்கை நேரே பாத்தியின் மேல் விரித்துவிட வேண்டும். காலை 5 லீற்றர், மாலை 5 லீற்றர் சாக்கின் மேலேயே ஊற்றலாம். மார்கழி என்றாலும் மழை விட்ட நாளின் மத்தியான வெயிலில் வெறும் மணலின் மேற்பரப்பு 35 பாகைக்கு மேல் போகும், அதற்கு மேல் கரட் விதை முளைக்க மறுக்கும். ஐந்தாம் நாளிலிருந்து மாலைதோறும் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். நம் வெப்பத்தில் ஆறு முதல் எட்டு நாளில் முளை தெரியும். பத்தில் ஒன்று வளைந்து தலைகாட்டியதும் அன்று மாலையே சாக்கை எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வரை பொறுத்தால் முளைகள் சாக்கின் இழைக்குள் ஏறிவிடும், எடுக்கும்போது அறுந்து வரும்.

சாக்கை எடுத்த பின் நாலைந்து நாளுக்கு ஒன்றரை அடி உயரத்தில் கிடுகுப் பந்தல். கிழக்குப் பக்கம் திறந்திருக்கட்டும், காலை வெயில் படவேண்டும். முழு நிழலில் விட்டால் தண்டு நீண்டு சாயும்.

விதைத்த இரவே வரக்கூடிய எதிரி எறும்பு. வரிசையாக விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியின் கல்லைச் சுற்றி வெளியே அடுப்புச் சாம்பலால் ஒரு வளையம் போடலாம், மழை பெய்தால் திரும்பப் போட வேண்டும். புற்று பக்கத்தில் இருந்தால் கொதிநீர் ஊற்றி அழிப்பதே தீர்வு.

பெருமழைக்குக் கூடாரம் ஆயத்தமாக இருக்க வேண்டும். கல்லின் வெளிப்பக்கம் எதிரெதிராக ஐந்து சோடி இரண்டடிக் கம்பிகளைப் பாதி ஆழம் அடித்து, 8 அடி நீள அரை அங்குலப் பீவீசீ குழாய்களை வளைத்து அதில் செருகினால் வளைவு நிற்கும். தெளிந்த பொலித்தீனை மேலே இழுத்து ஒரு பக்கம் கல் வைத்து அமுக்குங்கள். இரண்டு அந்தமும் திறந்தே இருக்கட்டும். மழை விட்டதும் சுருட்டி ஒரு பக்கம் கட்டிவிட வேண்டும். நாள் முழுக்க மூடிக்கிடந்தால் உள்ளே வேக்காடு, நாற்றழுகல் நோய் அங்கேதான் தொடங்கும். முளைகள் தரைமட்டத்தில் மெலிந்து, நீர் ஊறி, கூட்டமாகச் சாய்ந்தால் அது இந்த நோய். உடனே தண்ணீரை ஒரு நேரமாகக் குறைத்து, மேற்பரப்பைக் காயவிட்டு, சாய்ந்தவற்றை மண்ணோடு கிள்ளி எடுக்க வேண்டும். போன இடத்தில் மறுபடி விதைக்கலாம், இன்னொரு இடத்துச் செடியைக் கொண்டுவந்து நட முடியாது.

ஐதாக்கல், 25ஆம் நாள் சோதனை

முளைத்த பதினைந்து நாளில் இரண்டாவது உண்மை இலை விரியும். அப்போது ஒரு அங்குலத்துக்கு ஒன்று என்று விட்டு மற்றதை எடுக்க வேண்டும். மாலையில், தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்து, பக்கத்துச் செடியின் அடியை இரு விரலால் அமுக்கிக்கொண்டு இழுத்தால் மற்றது அசையாது. மனசு வராமல் நெருக்கமாக விட்டால் எல்லாமே பென்சில் பருமனில் நின்றுவிடும். இலையைக் கசக்கினால் கரட் ஈ வரும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் பயமுறுத்துவார்கள். அது குளிர்நாட்டுப் பூச்சி, இங்கே அந்தக் கவலை இல்லை.

விதைத்த 25ஆம் நாள் பாத்தியின் மூன்று இடங்களில், எப்படியும் எடுக்கவேண்டிய செடிகளில் ஒவ்வொன்றைத் தெரிவு செய்து, இழுக்காமல் மண்ணோடு ஆழமாகத் தோண்டி எடுங்கள். வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஆட்டினால் மணல் கழன்று விழும். வெள்ளை வேர் ஒன்று, மேலே கொஞ்சம் தடித்து, நுனிவரை ஒரே கோடாக, பக்கத்தில் மயிரிழை வேர்கள் மட்டும் இருக்க வேண்டும். அளந்தால் 6 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மூன்று நான்கு அங்குலத்தில் திடீரென்று பக்கத்துக்குத் திரும்பியிருந்தால் அங்கே மண் இறுகியிருக்கிறது. நுனி பழுப்பாக மழுங்கி அதற்கு மேலிருந்து இரண்டு மூன்று வேர் பிரிந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது, அல்லது எரு மக்கவில்லை. வேரில் சிறு முடிச்சுகள் கோத்திருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. மூன்றில் இரண்டு பழுதென்றால் பாத்தியைக் கலைத்து, காரணத்தைச் சரிசெய்து, டிசம்பர் நடுவில் விதைத்ததென்றால் ஜனவரி இரண்டாம் கிழமைக்குள் மறுபடி விதைக்க நாள் இருக்கும். இதைப் பார்க்காமல் விட்டால் 95ஆம் நாள்தான் தெரியவரும்.

இரண்டாம் ஐதாக்கல் ஐந்தாம் கிழமையில். செடிக்குச் செடி இரண்டு அங்குலம். வரிசைக்கு 20, மொத்தம் 220 செடி. எல்லாம் தேறாது. பாத்தியிலிருந்து 8 முதல் 10 கிலோ எடுத்தால் திருப்திப்படலாம். இந்த முறை இழுக்காமல் கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் நறுக்குவது நல்லது. நறுக்கிய இலையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்து வறை வறுக்கலாம்.

தண்ணீரும் பசளையும்

தை மாதத்தில் மழையில்லாத நாளில் இந்தப் பாத்தி சுமார் 9 லீற்றர் இழக்கும். மாசி, பங்குனியில் 12, 13 வரை போகும். முதல் மாதம் காலை மாலை 5 லீற்றர் வீதம். அதன் பிறகு நாள்தோறும் மேலால் தெளிக்காமல் ஒன்றுவிட்ட ஒரு நாள் காலையில் 20 லீற்றர், மாசி நடுவிலிருந்து 25 லீற்றர். மேலோட்டமாக நனைத்தால் வேர் கீழே போகத் தேவையில்லாமல் மேலேயே படரும். கடைசி மாதத்தில் நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளம் கட்டினால் கிழங்கு நெடுக வெடிக்கும்.

பசளையில் கைநீட்டம் வேண்டாம். பாத்தி கலக்கும்போது ரீஎஸ்பி (பொசுபரசுப் பசளை) 50 கிராம், எம்ஓபி (பொட்டாசியப் பசளை) 25 கிராம். முளைத்து நான்கு கிழமையில் யூரியா 20 கிராம், எம்ஓபி 20 கிராம், வரிசைக்கு இடையில் கோடு கீறிப் போட்டு மூடித் தண்ணீர். அவ்வளவுதான். யூரியா கூடினால் இலை இடுப்புயரம் வரும், கிழங்கில் மயிர்வேர் மண்டும். எம்ஓபியும் ஒரு உப்புத்தான். கிணறு 450 பீபீஎம்மைத் தாண்டும் இடத்தில் அதற்குப் பதிலாக விறகுச் சாம்பலை வரிசைக்கு ஒரு கைப்பிடி தூவலாம். ஆனால் சிப்பி மணலில் சாம்பலையும் கூட்டக்கூடாது, காரம் ஏறும். இரசாயனம் வேண்டாமென்பவர்கள் நான்காம், ஆறாம் கிழமையில் கூட்டெருவை வரிசைக்கு இரண்டு சிரட்டை போட்டாலும் வரும், கிழங்கு கொஞ்சம் சிறுக்கும்.

மாரி மழை மணலிலிருந்து போரன் என்ற நுண்சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். குருத்திலை சுருண்டு செந்நிறமாகி, கிழங்கின் உள்ளே பழுப்பு விழுந்தால் அதன் குறை. 2 கிராம் போராக்சை 10 லீற்றர் நீரில் கரைத்து முழுப் பாத்திக்கும் ஒரே ஒரு தரம் ஊற்றலாம். அறிகுறி இல்லாமல் ஊற்றாதீர்கள், சற்றுக் கூடினாலும் நஞ்சு.

ஏழாம் கிழமையில் கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரியும். வெயில் பட்டால் பச்சை பிடித்துக் கசக்கும். தெரியத் தெரிய மண் அணைக்க வேண்டும், ஆனால் குருத்தை மூடக்கூடாது.

நோய், பூச்சி, நாலு கால் விருந்தாளிகள்

வட்டப்புழுதான் மணல் நிலத்தின் பெரிய தலையிடி. போன போகம் தக்காளி, கத்தரி, வெண்டி போட்டுப் பிடுங்கியபோது வேரில் முடிச்சிருந்தால் அந்த மண்ணில் கரட் வேண்டவே வேண்டாம். ஆடி, ஆவணி வெயிலை இதற்குப் பாவிக்கலாம். மண்ணை நன்றாக நனைத்து, தெளிந்த பொலித்தீனை ஓரம் முழுக்கப் புதைத்து இறுக்கமாக மூடி ஐந்தாறு கிழமை விட்டால் மேல் ஆறேழு அங்குலத்தில் புழுவும் களை விதையும் வெந்துவிடும். கறுப்புப் பொலித்தீனில் அந்தச் சூடு வராது.

மழை நின்று புழுங்கும் நாட்களில் செடியின் கழுத்தில் வெள்ளை நூலும் அதில் கடுகு போன்ற பழுப்பு மணிகளும் தெரிந்தால் அடியழுகல். அந்த மணிகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செடியைச் சுற்றி ஒரு சாண் மண்ணோடு தோண்டி உரப்பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எருக்குழிக்குள் போடக்கூடாது. இலையோரம் கறுத்துக் கருகுவது இலைக்கருகல். முதிர்ந்த இலையில் தொடங்கும். அந்த இலைகளைக் கிள்ளி எரித்து, காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றி, கூடாரத்தைத் திறந்துவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

நத்தையை இரவு எட்டு மணிக்கு மேல் ரோர்ச் அடித்துப் பொறுக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உப்பைத் தூவி நத்தை கொல்லும் வழக்கம் இந்தப் பாத்தியில் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான். கோழி கிளறாமல் முதல் மாதம் வலை போட வேண்டும். கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் குடியிருப்பவர்களுக்கு மான் என்று இன்னொரு தொல்லை. நாலடி வேலியை அது சிரமமில்லாமல் தாண்டும், ஒரே இரவில் இலை முழுவதையும் மேய்ந்துவிடும். ஆறடிக்கு மீன்வலை கட்டினால் நிற்கிறது. குரங்குக்கு வலையும் பயன்படாது. கூடாரக் கம்பிகளின் மேல் நிழல்வலையை முழுக்க இழுத்து அடியில் கல் வைப்பதுதான் ஓரளவு தாங்கும்.

பிடுங்குதல்

90ஆம் நாளிலிருந்து தோளின் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். முக்கால் முதல் ஒரு அங்குலக் குறுக்களவு வந்தால் எடுக்கலாம். பருத்தவற்றை முதலில் எடுத்தால் மற்றவை இடம் பிடித்துப் பருக்கும். முதல்நாள் மாலை தண்ணீர் ஊற்றி, வரிசைக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஆழ இறக்கி நெம்பிவிட்டு இழுத்தால் நுனி உடையாது. 110 நாளுக்கு மேல் மண்ணில் வைக்கவேண்டாம். நடுத்தண்டு கட்டையாகும், ஒரு பங்குனி மழை வந்தாலே வெடித்து அழுகும்.

பிடுங்கியதும் இலையை ஒரு விரற்கடை விட்டு நறுக்குங்கள். இலையோடு வைத்தால் கிழங்கின் நீரை அது இழுத்து மாலைக்குள் வதங்கவைக்கும். கழுவாமல் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை தாங்கும்.

மிஞ்சிய விதையைப் பைக்கற்றோடு சுருட்டி, வறுத்து ஆறிய அரிசி இரண்டு கரண்டி போட்ட சிறு போத்தலுக்குள் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த கார்த்திகையில் 20 விதைச் சோதனை செய்துவிட்டுப் பாவிக்கலாம். காலியான பாத்தியில் உடனே சின்ன வெங்காயமோ சோளமோ போடலாம். அடுத்த கரட்டை அதே மண்ணில் இரண்டு போகம் தாண்டித்தான் விதைக்க வேண்டும்.